பாடகர் நீல் யங்கின்ட பழைய எல்பிகளை வன்னியில் சேர்க்கிறது: எந்தப் பதிப்பு, எந்தப் பிளேயர், வெக்கையிலும் மாரியிலும் எப்பிடி வைக்கிறது?

கனகராயன் (கிளிநொச்சி)

வணக்கம். நீல் யங்கின்ட தனி அல்பங்களை, முக்கியமாய் 1969 தொடக்கம் 1979 வரைக்கும் வந்ததுகளை, பழைய வினைலில் சேர்க்கப் போறன். ரொறன்ரோவில் இருக்கிற அத்தான் வாற மாதம் கப்பலில் பெட்டி போடுறார். அதுக்குள்ள 20 தட்டும் ஒரு பிளேயரும் வைக்கலாம் எண்டார். அவருக்கு இந்த விசயத்தில் ஒண்டும் தெரியாது. கடையில் நிண்டு படம் எடுத்து வட்சப்பில் அனுப்புவார், நான் உடன "எடுங்கோ", "விடுங்கோ" எண்டு சொல்லோணும்.

கனடாப் பதிப்பை எடுக்கலாமா, இல்லாட்டி அமெரிக்க முதல் பதிப்புக்குக் காத்திருக்கோணுமா? கடையில் நிண்டு எதைப் பாக்கச் சொல்லுறது? அங்கத்தைப் பிளேயர் எங்கட கரண்டில் ஓடுமா? வீடு தகரக் கூரை. மத்தியானம் உள்ளுக்கு இருக்கேலாத வெக்கை, மாரியில் எல்லாத்திலயும் பூஞ்சணம், போதாக்குறைக்குக் கறையான். இந்த நிலைமையில் தட்டு தப்புமா எண்டும் சொல்லுங்கோ.

ஊசிமுனை

முதல் கேள்விக்கு நேரடிப் பதில்: கனடாப் பதிப்பை எடுங்கள். நீல் யங் ரொறன்ரோவில் பிறந்து வினிபெக்கில் பாடத் தொடங்கியவர். அந்த நாட்டில் அவருடைய தட்டுகள் கணக்கில்லாமல் அச்சாகின, இன்றைக்கும் பழைய பொருள் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும். 1970களின் கனடாத் தட்டுகளில் லேபிளின் ஓரத்தில் வோர்ணர் இசைக் கொம்பனியின் கனடாக் கிளை உற்பத்தி செய்தது என்று சிறிய எழுத்தில் இருக்கும். ஒலி மோசமில்லை. கேட்பதற்காகச் சேர்க்கிறீர்கள் என்றால், நன்றாகத் தேய்ந்த அமெரிக்க முதல் பதிப்பைவிடத் தேயாத கனடாப் பதிப்பு எப்போதும் மேல்.

ஒவ்வொரு அல்பமாகச் சொன்னால் அத்தானுக்குச் சுகம்.

ஹார்வெஸ்ற் (1972). அந்த வருடம் அமெரிக்காவில் ஆகக் கூடுதலாக விற்ற அல்பம் இது. அதனால் அவசரப்படத் தேவையில்லை; முதலில் காண்கிறதை எடுக்காமல் நல்லதாகப் பார்த்து எடுக்கலாம். ஆரம்பப் பதிப்பின் அட்டை வழுவழுப்பாக இருக்காது, விரலால் தடவினால் சொரசொரப்புத் தெரியும். உள்ளே பாட்டு வரிகள் அச்சடித்த தனித்தாள் ஒன்று இருக்கவேண்டும். இலக்கம் எம்எஸ் 2032 என்றால் பழைய வரிசை, எம்எஸ்கே 2277 என்றால் பின்னால் வந்த மறுபதிப்பு. பிரித்தானியப் பதிப்பு கே 54005. மறுபதிப்பு என்று ஒதுக்கவேண்டாம், தட்டு சுத்தமாக இருந்தால் அதுவும் நல்லது.

ஆஃப்ரர் த கோல்ட் றஷ் (1970). விரித்துத் திறக்கும் இரட்டை அட்டை. மடித்த பெரிய வரித்தாளும் சேர்ந்து வந்தது. பழைய கடையில் பத்துக்கு ஆறேழு பிரதியில் அந்தத் தாள் இருக்காது, சுவரில் ஒட்டித் தொலைத்திருப்பார்கள். தாள் இல்லாததற்கு விலை குறையவேண்டும், அவ்வளவுதான்.

எவ்ரிபடி நோஸ் திஸ் இஸ் நோவெயர் (1969). அவருடைய தட்டுகளை வெளியிட்ட றிப்ரைஸ் கொம்பனியின் அமெரிக்க ஆரம்பப் பதிப்பு லேபிளில் டபிள்யூ7 என்ற சின்னம் இருக்கும். அது வோர்ணரும் செவன் ஆர்ட்ஸும் ஒன்றாக இருந்த காலத்து அடையாளம். இந்தத் தட்டில் இரண்டு பக்கமும் பத்து நிமிட அளவு நீளமான கிற்றார்ப் பாட்டில் முடிகின்றன. தட்டின் உள்வட்டத்தில்தான் ஊசித் தேய்மானம் முதலில் கேட்கும். எனவே கடையில் போட்டுக் கேட்க விட்டால் கடைசிப் பாட்டைத்தான் கேட்கவேண்டும், முதல் பாட்டை அல்ல.

இதற்கு முந்திய, அவர் பெயரையே தலைப்பாகக் கொண்ட முதல் அல்பத்தின் ஆரம்ப அட்டையில் பெயரே அச்சாகவில்லை, ஓவியம் மட்டும்தான். முதல் ஒலிக்கலவை அவருக்குத் திருப்தி தராததால் மறுபடி கலந்து, அட்டையில் பெயரையும் போட்டு வெளியிட்டார்கள். பெயரில்லாத அட்டை கண்டால் விலையைக் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் பழைய கடையில் அட்டை ஒன்று, உள்ளே தட்டு ஒன்று என்று மாறிக் கிடப்பது வழமை. அட்டையை மட்டும் பார்த்து ஒருநாளும் காசு கொடுக்கக்கூடாது.

ரைம் ஃபேட்ஸ் அவே (1973). மேடையில் பதிவான புதிய பாட்டுகள். சீடியில் 2017 வரைக்கும் வரவில்லை. அதனால் பல வருடம் பழைய வினைல்தான் ஒரே வழியாக இருந்தது. இருந்தும் கனடாவில் அநியாய விலை இல்லை. பெரிய மடிப்புத்தாள் ஒன்று உள்ளே இருக்கவேண்டும்.

ஒன் த பீச் (1974). அட்டையின் உட்புறத்தை எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆரம்பப் பதிப்பில் உள்ளே பூப்போட்ட அச்சு இருக்கும், வெறும் சாம்பல் அட்டை இருக்காது. கடையில் பலர் கவனிக்காத அடையாளம் இது. இதுவும் 2003 வரை சீடியாக வராத அல்பம்.

ருநைற்ஸ் த நைற் (1975). பதிவானது 1973இல், வெளிவந்தது இரண்டு வருடம் கழித்து. மற்ற றிப்ரைஸ் தட்டுகளின் லேபிள் செம்மஞ்சள் சாயலாக இருக்க, இதன் அமெரிக்க ஆரம்பப் பதிப்பில் மட்டும் லேபிள் கறுப்பு. ஆரம்ப அட்டையும் மை உறிஞ்சும் தாள் போன்ற மங்கலான கடதாசி. ஈரத்தைக் கண்டால் உடனே கறை பிடிக்கும், வன்னி மாரிக்கு ஆகவே ஆகாத அட்டை. எடுத்தால் முதல் வேலையாக வெளி உறை போடுங்கள்.

ஸூமா (1975), கம்ஸ் எ ரைம் (1978), றஸ்ற் நெவர் ஸ்லீப்ஸ் (1979) மூன்றும் சுலபமாகக் கிடைக்கும். கம்ஸ் எ ரைம் தட்டின் முதல் அச்சு ஒலி கெட்டுப்போனதால் 2 இலட்சம் பிரதியைத் தானே வாங்கி, கொட்டிலின் கூரைக்கு ஓடாகப் போட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். உங்கள் தகரக் கூரைக்கு இப்படி யோசிக்கவேண்டாம். டெக்கேட் (1977) மூன்று தட்டுத் தொகுப்பு; மூன்றும் உள்ளே இருக்கா என்று எண்ணாமல் வாங்கினால் பிறகு கவலைப்படுவீர்கள். லைவ் றஸ்ற் இரண்டு தட்டு, அதற்கும் அதுவே.

கெஃபன் கொம்பனிக்காக 1980களில் செய்தவை மலிவு. அவர் தன்னுடைய பாணியில் பாடவில்லை என்று 1983இல் கொம்பனியே வழக்குப் போட்ட காலம் அது. உங்கள் வரம்புக்குள் வராது, 20 இடத்தில் ஒன்றை அதற்குச் செலவழிக்கவேண்டாம். கிரொஸ்பி, ஸ்ரில்ஸ், நாஷ் கூட்டில் வந்த டேஜா வூ (1970) கண்டால் மட்டும் எடுங்கள். ஆரம்ப அட்டை தோல் போன்ற சொரசொரப்பில், படம் தனியாக ஒட்டப்பட்டிருக்கும்.

அட்டையின் மூலையில் வெட்டு, ஓட்டை இருந்தால் பயப்படவேண்டாம். விற்காமல் தேங்கி மலிவாகத் தள்ளிய சரக்கு என்ற அடையாளம் அது. பல வேளை அப்படியான தட்டு அதிகம் ஓடாமல் புதிதாகவே இருக்கும். பின்னட்டையிலோ லேபிளிலோ கொலம்பியா ஹவுஸ் என்று இருந்தால் தபாலில் தட்டு விற்ற சங்கத்தின் பதிப்பு. கேட்க நல்லது, மறுபடி விற்றால் விலை குறைவு.

இனிக் கடையில் நின்று பார்க்கும் முறை. தட்டை முழுதாக வெளியே எடுத்து, போன் டோர்ச்சைச் சரிவாகப் பிடித்துப் பார்க்கவேண்டும். நேராகப் பிடித்த வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது. மெல்லிய மயிரிழைக் கீறல் பெரும்பாலும் காதுக்குக் கேட்காது. நகத்தை மெதுவாக ஓட்டினால் தட்டுப்படும் கீறல் நிச்சயம் கேட்கும்: 33⅓ வேகத்தில் ஒரு சுற்றுக்கு 1.8 செக்கன், அந்த இடைவெளியில் "டிக், டிக்" என்று வரும், ஆழமென்றால் ஊசி பாயும். தடங்கள் கறுப்பாக மினுங்காமல் சாம்பல் பூத்துக் கிடந்தால் பாரமான ஊசியில் அரைத்து விட்டார்கள் என்று அர்த்தம், எந்தக் கழுவலுக்கும் திரும்பாது. நடு ஓட்டையைச் சுற்றி லேபிளில் வெள்ளிக் கோடுகள் நிறைய இருந்தால் நிறையத் தடவை போட்ட தட்டு. கடைசியாகத் தட்டைக் கண் மட்டத்தில் கிடையாகப் பிடித்து வளைவு பார்க்கவேண்டும்.

விற்பவர் போடும் தரம் பற்றி: நியர் மின்ற் (கிட்டத்தட்டப் புதிது), விஜி பிளஸ், விஜி (வெரி குட்), ஜி என்று இறங்கும். "ஜி" என்றால் குட் என்று நம்பவேண்டாம், அது கேட்கமுடியாத தட்டு. உங்களுக்கு விஜி பிளஸ் காணும். ஆனால் எல்லா அல்பத்துக்கும் ஒரே அளவுகோல் இல்லை. ஹார்வெஸ்ற், கம்ஸ் எ ரைம் போன்ற அமைதியான தட்டுகளில் சின்னத் தூசி கூடக் கேட்கும். ஹார்வெஸ்ற் இரண்டாம் பக்கத்தில் த நீடில் அன்ட் த டமேஜ் டன் என்ற பாட்டு வெறும் கிற்றாரும் குரலும்தான், மேடையில் பதிவானது, இரண்டு நிமிடம். அது சுத்தமாகக் கேட்டால் அந்தத் தட்டை எடுக்கலாம். றஸ்ற் நெவர் ஸ்லீப்ஸ் முதல் பக்கம் அமைதி, இரண்டாம் பக்கம் முழு இரைச்சல் கிற்றார். முதல் பக்கம் நல்லாயிருந்தால் காணும், மறுபக்கத்தில் கொஞ்சம் கீறல் மறைந்துவிடும்.

மாங்குளம் சந்தி

ஊசிமுனை அண்ணை தட்டைப் பற்றி எழுதினது காணும். நான் கரண்டுக்கு வாறன், ஏனெண்டால் தட்டு வாங்கின ஆக்கள் விழுற கிடங்கு இதுதான்.

கனடாவில் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். எங்களுக்கு 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். வோல்ற் குறைக்கிற ட்ரான்ஸ்போமர் வாங்கினால் சரி எண்டு நினைக்கிறது பிழை. ட்ரான்ஸ்போமர் வோல்ற்றை மட்டும்தான் மாத்தும், ஹேர்ட்ஸை மாத்தாது. பழைய பெல்ட் பிளேயர் கனக்கத்தில் இருக்கிறது ஏசி சிங்க்ரனஸ் மோட்டர். அது கரண்டின்ட ஹேர்ட்ஸைப் பாத்துத்தான் சுத்தும். 60க்குச் செய்த மோட்டர் 50இல் ஓடினால் 33⅓ எண்ட வேகம் 27.8க்கு விழும். பாட்டு ஆறில் ஒரு பங்கு மெதுவாகும், சுருதி மூண்டு அரைச்சுரத்துக்கு மேல இறங்கும். நீல் யங்கின்ட கீச்சுக் குரல் நடுத்தர வயசு வாத்தியாரின்ட குரல் மாதிரி வரும்! 45இல் போட்டுச் சமாளிப்பம் எண்டால் அது 37.5, கூடிப்போச்சு. அந்த மோட்டருக்கு ஒரே மருந்து 50 ஹேர்ட்ஸ் புளி, அதாவது மோட்டர் தண்டில் பெல்ட் ஓடுற உருளை, 1.2 மடங்கு பருமனில். சில ஐரோப்பியக் கொம்பனிகள் இரண்டுக்கும் தனித்தனிப் புளி விட்டவை. கிடைக்காட்டி லேத்துப் பட்டறையில் கடைஞ்சு எடுக்கோணும், ஓட்டை மயிரளவு விலகினாலும் பாட்டு அலையும்.

இந்தத் தலையிடி வராத பிளேயர் இரண்டு வகை. ஒண்டு, வெளியில் சின்ன அடப்டரோட வாற டிசி மோட்டர்க்காரர். அடப்டரில் 100–240 வோல்ற், 50/60 ஹேர்ட்ஸ் எண்டு இருந்தால் பிளக்கை மட்டும் மாத்திப் போட்டு ஓடலாம். 120 மட்டும் எண்டு இருந்தால் அதே டிசி வோல்ற், அதே அம்பியர் அல்லது கூட, முனையின்ட பிளஸ் மைனஸ் பக்கமும் அதே, அப்பிடி ஒரு அடப்டர் இங்க வாங்கலாம். ஆனால் அடப்டரில் "அவுட்புட்" எண்ட இடத்தில் ஏசி எண்டு போட்டிருந்தால் டிசி அடப்டரைக் குத்தவேண்டாம்.

மற்றது, குவாட்ஸ் டிரெக்ட் டிரைவ், பெல்ட் இல்லாமல் மோட்டரே நேராய்ச் சுத்துற வகை. டெக்னிக்ஸ் எஸ்எல் 1200 எம்கே2 அந்த வகை. மோட்டரைக் குவாட்ஸ் பிடிச்சுக்கொண்டிருக்கிறதால் ஹேர்ட்ஸ் பிரச்சினை இல்லை. வட அமெரிக்கப் பதிப்பு 120 வோல்ற்றுக்கு மட்டும்தான், அதால ட்ரான்ஸ்போமர் கட்டாயம். 50 வொற் ட்ரான்ஸ்போமர் தாராளம். முகப்பில் "குவாட்ஸ்", "டிசி சேர்வோ" (தன்ட வேகத்தைத் தானே திருத்திற டிசி மோட்டர்) எண்டு எழுதியிருந்தால் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கோ, அதோட பின்பக்க ஸ்டிக்கரையும்.

டிசி சேர்வோவில் ஒரு பொறி இருக்கு. பிளேற்றர், அதாவது தட்டு வைக்கிற சுழல் மேடை, அதின்ட ஓரத்தில் புள்ளி வரிசையும் சிவப்பு நியோன் பல்ப்பும் இருந்தால், அந்தப் பல்ப் வீட்டுக் கரண்டில் மினுங்குறது. புள்ளி அசையாமல் நிக்கும்படி பிச் (வேகம் கூட்டிக் குறைக்கிற) திருகியைத் திருகினால் வேகம் சரி எண்டு நினைப்பம். 60 ஹேர்ட்ஸ் வரிசையை எங்கட 50இல் நிப்பாட்டினால், பிளேயரை நீங்களே 27.8க்குக் கொண்டு போறீங்கள். 50 ஹேர்ட்ஸ் வரிசை இருந்தால் அதைப் பாருங்கோ. 33⅓க்கு 50இல் 180 புள்ளி, 60இல் 216. ஒரு வரிசைதான் இருக்கு எண்டால் பல்ப்பை மறந்துபோட்டு எண்ணுங்கோ: பிளேற்றர் ஓரத்தில் சின்னக் கடதாசித் துண்டு ஒட்டி, ஒரு பழைய தட்டை ஓட விட்டு, 3 நிமிசம் எண்ணினால் சரியாய் 100 சுத்து வரோணும். 83 வந்தால் சங்கதி என்னவெண்டு இப்ப தெரியுமே.

சூட்கேஸ் பிளேயரை மட்டும் வேண்டாமெண்டு சொல்லிப்போடுங்கோ. அதின்ட ஊசி 5, 6 கிராம் பாரத்தில் இருந்து அரைக்கும். நல்ல காட்ரிஜ் (ஊசி பூட்டின தலை) 2 கிராமில் ஓடும்: ஓடியோ டெக்னிக்கா விஎம்95இ 2.0, ஓர்ட்டோஃபொன் 2எம் றெட் 1.8. பாரத்தைக் குறைச்சால் தட்டுக்கு நல்லது எண்டு 1.2இல் விடுற ஆக்கள் இருக்கினம். ஊசி தடத்துக்குள்ள துள்ளித் துள்ளிச் சுவரை உடைக்கும், பாரத்தைவிட அது மோசம்.

கனகராயன் (கிளிநொச்சி)

நன்றி அண்ணையாக்கள். அத்தான் ஒரு பிளேயரின்ட படம் அனுப்பினவர். பெல்ட், முகப்பில் பிச் திருகி இல்லை, ஸ்ரோப் புள்ளி இல்லை. பின்பக்கம் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ், 12 வொற். அடப்டர் இல்லை, வயர் நேரே உள்ளுக்குப் போகுது. விலை நல்ல மலிவு. இன்னொண்டு: வீட்டில் இருக்கிற அம்பில் "ஃபோனோ" எண்ட ஓட்டை இல்லை, "ஓக்ஸ்" மட்டும்தான். போடலாமா?

மாங்குளம் சந்தி

அந்தப் பிளேயரை விடச் சொல்லுங்கோ தம்பி. நீங்கள் சொன்ன அடையாளம் எல்லாம் ஏசி சிங்க்ரனஸ் மோட்டருக்குப் பொருந்துது. மலிவு எண்டதுக்காகப் பெட்டியில் 6 கிலோ இடம் குடுக்கவேண்டாம். அந்த இடத்துக்கு இன்னும் 20 தட்டு வரும்.

ஓக்ஸில் நேரே போட்டால் சத்தம் நுளம்பு பாடுற அளவுதான். காட்ரிஜில் இருந்து வாறது 3 தொடக்கம் 5 மில்லிவோல்ற். அதோட தட்டை வெட்டேக்க பேஸைக் குறைச்சு ட்ரெபிளைக் கூட்டி வெட்டுறவை, ஆர்ஐஏஏ எண்ட கணக்கு. அதைத் திருப்பிச் சமப்படுத்த ஃபோனோ பிரீஅம்ப் வேணும். சில புதுப் பிளேயரில் உள்ளுக்கே இருக்கும், பின்பக்கம் "ஃபோனோ / லைன்" சுவிட்ச் இருந்தால் லைனில் போட்டு ஓக்ஸில் குத்தலாம். இரண்டு பிரீஅம்ப் ஒண்டுக்கு மேல ஒண்டு வந்தால் சத்தம் கிழியும், அதையும் கவனியுங்கோ.

"ம்ம்ம்" எண்டு இரைச்சல் வந்தால் பிளேயரில் இருந்து வாற மெல்லிய தனி வயரை அம்பின்ட ஜிஎன்டி ஆணியில் கட்டுங்கோ. ஜிஎன்டி ஆணி இல்லாட்டி பிரீஅம்பின்ட உலோக உடம்பில். சுவர் பிளக்கின்ட ஏர்த்தில் கட்டுறது வேண்டாம், எங்கட பக்கத்தில் கன வீட்டில் ஏர்த் கம்பி பேருக்குத்தான் மண்ணுக்குள்ள நிக்குது. சோலார் இன்வேர்ட்டரில் ஓட்டுறதெண்டால் பியூர் சைன் வகையாய் இருக்கோணும், மலிவான சதுர அலை வகை ட்ரான்ஸ்போமரை இரைய வைக்கும், அந்த இரைச்சல் ஸ்பீக்கருக்கும் வரும்.

ஸ்காபரோ மூலை

கனடாவில இருந்து பெட்டி போடுறதைப் பற்றி நான் சொல்லுறன், அத்தானுக்கு அப்பிடியே அனுப்பிவிடுங்கோ.

தட்டை அட்டைக்குள்ள விட்டு அனுப்பக்கூடாது. உள்ளுறையோட வெளிய எடுத்து, அட்டைக்குப் பின்னால வைச்சு, இரண்டையும் ஒரு பொலித்தீன் உறைக்குள்ள போடோணும். பெட்டி விழேக்க தட்டின்ட விளிம்புதான் அட்டையின்ட அடி மடிப்பைக் கத்தி மாதிரி வெட்டுறது. கொழும்பில் இறக்கி, பிறகு ஏ9இல் லொறியில் வரேக்க விழாத பெட்டி இல்லை.

20 தட்டு உறையோட 5 கிலோ அளவு. தனிப் பெட்டியில் நிமித்தி, இறுக்கமாய் அடுக்கோணும். இடம் விட்டால் சரிஞ்சு வளையும், அமத்தித் திணிச்சால் அட்டையில் தட்டின்ட வட்டம் பதியும். முன்னுக்கும் பின்னுக்கும் அட்டை அளவில் தடிச்ச காட்போட். அந்தச் சின்னப் பெட்டியைப் பெரிய பெட்டியின்ட நடுவில், உடுப்புக்கு நடுவில் வையுங்கோ. ஷாம்பூ, சவர்க்காரம், வாசனைப் போத்தல் இருக்கிற பெட்டியில் தட்டு வேண்டவே வேண்டாம். கசிஞ்சால் அட்டை போச்சு, கசியாட்டியும் அந்த மணம் கடதாசியை விட்டுப் போகாது. பெட்டிக்கு வெளியில் "நிமிர்த்தி வைக்கவும்" எண்டு அம்புக்குறி போடுங்கோ. பாதிப் பேர் மதிப்பினம்.

பிளேயருக்கு: பிளேற்றரைக் கழட்டித் தனிய சுத்தோணும். மாட்டினபடி வந்தால் அந்தப் பாரம் குலுங்கிக் குலுங்கி நடு பெயாரிங்கைக் கெடுக்கும். டோன்ஆமின்ட, அதாவது ஊசி பிடிச்ச கையின்ட, பின் பாரத்தைக் கழட்டி, அந்தக் கையைத் தாங்கியில் கட்டி, ஊசிக்கு மூடி போட்டு, முடிஞ்சால் ஊசியையே கழட்டி ஊருக்கு வாற ஆரிட்டையும் குடுத்துவிடுங்கோ. ஒரு மேலதிக ஊசியும் சேர்த்து வாங்கச் சொல்லுங்கோ, நீள்வட்ட ஊசி 300 மணித்தியாலம் எண்டுதான் கணக்கு.

குமுழமுனை

கழுவுறதும் வைக்கிறதும் என்ட பங்கு.

பழைய கடைத் தட்டு எதையும் கழுவாமல் ஊசி வைக்கக்கூடாது. தூசியோட ஓடினால் ஊசியே அந்தத் தூசியைத் தடத்துக்குள்ள அரைச்சு இறக்கும். கலவை: வடிச்ச தண்ணி 1 லீற்றர், ஐசோபுரொப்பைல் அல்ககோல் 200 மில்லி, மணமும் நிறமும் இல்லாத கோப்பை கழுவுற திரவம் இரண்டே இரண்டு துளி. அல்ககோல் போன் திருத்திற கடையில் ஐபிஏ எண்டு கேட்டால் தருவினம். பாமசியில் விக்கிற சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டை எடுக்காதேங்கோ, அதுக்குள்ள வேற எண்ணெய்ச் சாமான் கலந்திருக்கும், தடத்தில் படியும். தண்ணி பற்றரிக் கடையில் வாங்கலாம், ஆனால் அங்க இரண்டு போத்தல் இருக்கும், ஒண்டு வடிச்ச தண்ணி, மற்றது அசிட். லேபிளை வாசிச்சு வாங்குங்கோ. கிணத்துத் தண்ணி வேண்டாம். எங்கட பக்கத்துத் தண்ணி கேத்திலின்ட அடியில் விடுற வெள்ளைப் படை, காய்ஞ்சால் தட்டிலயும் விடும்.

முதலில் காய்ஞ்ச மென்மையான பிறஷால் தூசி தட்டுங்கோ. லேபிளில் ஈரம் படாமல் ஒரு பிளாஸ்ரிக் மூடியால் மூடி, கலவையை ஊத்தி, தடம் போற திசையிலயே வட்டமாய்த் தேய்க்கோணும், குறுக்க தேய்க்கக்கூடாது. இரண்டு நிமிசம் ஊற விடுங்கோ, பூஞ்சணம் எண்டால் ஐந்து. மைக்ரோஃபைபர் துணியால் ஒத்தி எடுத்து, வெறும் வடிச்ச தண்ணியால் இரண்டு தரம் அலசோணும். அலசாமல் விட்டால் சவர்க்காரம் காய்ஞ்சு, ஊசி நுனியில் வெள்ளைப் பஞ்சு மாதிரிச் சேரும். கோப்பை றாக்கையில் நிமித்தி, கதவு பூட்டின அறையில் காயவிடுங்கோ. ஃபானுக்குக் கீழயோ சோளகக் காத்திலயோ காயவிட்டால் செம்மண் தூசி எல்லாம் ஈரத்தில் வந்து ஒட்டும், கழுவினது வீண். பழைய 78 தட்டு வீட்டில் இருந்தால் இந்தக் கலவையைத் தொடவிடாதேங்கோ. அது அரக்கு, அல்ககோல் அதைக் கரைச்சுப்போடும்.

கழுவின தட்டைப் பழைய கடதாசி உறைக்குள்ள திரும்பப் போட்டால் பூஞ்சணமும் திரும்ப வரும். உள்ளுக்குப் பொலித்தீன் பிடிச்ச புது உறை போடுங்கோ. பழைய உறையில் அச்சு இருந்தால் அதை அட்டைக்குள்ள தனியாய் வையுங்கோ. வெளி உறை தடிச்ச, கண்ணாடி போல மினுங்கிற பிவிசி வேண்டாம். வெக்கைக்கு அதில இருக்கிற இளக்கி ஆவியாகித் தட்டில் புகை படிஞ்ச மாதிரித் தடம் விடும். சாதாரண பொலித்தீன் அல்லது பொலிபுரொப்பிலீன்தான் நல்லது.

வெக்கை: தகரத்துக்கு நேரே கீழ, மேற்குச் சுவரோட, அம்புக்கு மேல, மூண்டும் கூடாது. வீட்டின்ட நடு அறையில், சீலிங் இருந்தால் அதுக்குக் கீழ, நிலத்தில இருந்து இரண்டு அடி உயரத்தில். அதைவிட உயரம் போனால் வெக்கை, கீழ வந்தால் வெள்ளம். 2018 டிசம்பரில் இரணைமடு வான் பாய்ஞ்ச நேரம் கிளிநொச்சியில் எங்கெங்க தண்ணி வந்தது எண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பூட்டின வாகனத்துக்குள்ள வெயிலில் அரை மணித்தியாலம்கூடத் தட்டை விடாதேங்கோ.

கறையானுக்கு அட்டைதான் சாப்பாடு, வினைல் இல்லை. மர அலுமாரி வேண்டாம், இரும்பு றாக்கை, சுவரில இருந்து நாலு விரல் தள்ளி. கால் நாலையும் பழைய என்ஜின் ஒயில் ஊத்தின ரின்னுக்குள்ள வையுங்கோ, எறும்பும் ஏறாது. மாரியில் கிழமைக்கு ஒருக்கா றாக்கையின்ட பின்பக்கமும், மேலால தொங்குற வயரும் பாக்கோணும். கறையான் கால் வழி ஏலாட்டி வயர் வழி மண் ஓடை கட்டி வரும். நப்தலின் உருண்டை வேண்டாம், அந்த மணம் அட்டையில் ஊறினால் எடுக்கேலாது.

வட்டுவாகல் காத்து

எல்லாம் சரி, வளைஞ்ச தட்டுக்கு இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை. இரண்டு கண்ணாடிக்கு நடுவில் வைச்சு, மத்தியான வெயிலில் பத்து நிமிசம் விட்டால் நேராகும். எங்கட வெயில் சும்மா கிடைக்குதுதானே.

குமுழமுனை

நேராகும், ஆனால் தடம் மழுங்கும். கண்ணாடிக்கு நடுவில் கறுப்புத் தட்டு வெயிலை உறிஞ்சினால் எவ்வளவு சூடு ஏறுது எண்டு உங்களுக்குக் கட்டுப்பாடில்லை. தட்டு இளகிற சூடு வந்தால் முதல் போறது தடத்தின்ட மேல் நுணுக்கம், ட்ரெபிள். பாக்க நேராய் இருக்கும், கேக்க மந்தமாய் இருக்கும். அதே கண்ணாடியை நிழலில் பாவியுங்கோ: 5 அல்லது 6 மில்லிமீற்றர் கண்ணாடி இரண்டு, தட்டைக் கழுவித் துடைச்சு நடுவில் வைச்சு, மேல ஐந்து கிலோ அரிசிப் பை, சமமாய்ப் பரப்பி. எங்கட அறைச் சூடே காணும், மூண்டு நாலு கிழமை பொறுக்கோணும். தூசி இருந்தால் அது தட்டுக்குள்ள அமந்திடும், அதுதான் முதல் கழுவச் சொன்னன். ஓரத்தில் மட்டும் கூராய் எழும்பின வளைவு இதுக்கும் மசியாது.

ஊசிமுனை

வளைவு எல்லாம் திருத்தவும் தேவையில்லை. மெதுவாக ஏறி இறங்கும் வளைவு, ஊசி விலகாமல் ஓடினால் அப்படியே விடுங்கள். கனகராயன், அத்தான் கடைக்குப் போகும்போது இந்த ஒழுங்கில் தேடச் சொல்லுங்கள்: ஒன் த பீச், ரைம் ஃபேட்ஸ் அவே, ருநைற்ஸ் த நைற் முதலில், இவை எல்லா நாளும் இராது. அடுத்தது எவ்ரிபடி நோஸ், ஸூமா. ஹார்வெஸ்ற், கோல்ட் றஷ் கடைசியில், அவை எங்கும் போய்விடாது. முதல் மூன்றும் நல்ல நிலையில் அகப்படாவிட்டால் 2014இல் வந்த வினைல் மறுபதிப்பைத் தேடலாம், விலைதான் கூட.

கனகராயன் (கிளிநொச்சி)

அத்தானுக்கு இப்பவே அனுப்புறன். பிளேயர் அடப்டர் வகை ஒண்டு கண்டிட்டார், ஸ்டிக்கரில் 100–240, 50/60, அவுட்புட் 12 வோல்ற் டிசி. பின்பக்கம் ஃபோனோ / லைன் சுவிட்சும் இருக்காம்.

மாங்குளம் சந்தி

எடுக்கச் சொல்லுங்கோ. பெல்ட் ஒண்டு மேலதிகமாயும் வாங்கி, அதைப் பிளேயரில் மாட்டாமல் பவுடர் பூசிச் சின்னப் பையில் வையுங்கோ. எங்கட வெக்கைக்கு இறப்பர் இளகித் தார் மாதிரி ஒட்டும். அப்பிடி ஒட்டினால் புளியையும் பிளேற்றரின்ட ஓரத்தையும் அதே ஐபிஏயால் துடைச்சுப்போட்டுத்தான் புதுசை மாட்டோணும்.